எலிக்கு சுகர் குறைஞ்சுது, சரி. எப்படி அளந்தீங்க?

1/ திரெட். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் ஒரு சுகர் பேஷண்ட் இருந்தாலும் கடைசி வரை படிச்சிடுங்க. இன்சுலின், எலி, ஒரு டெய்லரின் கால் விரல்கள், இந்த மூன்றையும் பற்றியது.

2/ போன மாதம் நைட் டியூட்டி. ஐம்பதைத் தாண்டிய ஒரு அண்ணனை அவர் மகன் கைத்தாங்கலாகக் கூட்டிட்டு வந்தார். தொழில் டெய்லரிங். வலது காலில் பத்து நாளாகப் புண். கட்டைப் பிரிக்கும் முன்பே நாற்றம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. க்ளூகோமீட்டரில் 486.

3/ நாலு வருஷமாக எங்களிடமே மாத்திரையும் இரவு இன்சுலினும் வாங்கிக்கொண்டிருந்தவர். நோட்டைப் புரட்டினால் கடைசி இரண்டு மாதம் காலி. "ஏண்ணே, ஊசி போடலையா?" மகன் போனை நீட்டினார். ஒரு கேப்ஸ்யூல் விளம்பரம். "இன்சுலின் ரெசிஸ்டன்ஸை வேரோடு அறுக்கும். எலிகளில் நிரூபிக்கப்பட்டது." எந்த ஆய்வு, எந்த வருஷம், யார் செய்தது, ஒண்ணும் இல்லை.

4/ இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. தையல் மிஷின் மிதிக்கிற கால். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் கோபமே இல்லாமல் கேட்டார்: "எலிக்குக் கேட்டுச்சுன்னு போட்டிருந்தாங்களே டாக்டர். எனக்கு ஏன் கேக்கல?"

5/ நியாயமான கேள்வி. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திட்ட வேண்டியவர்கள் வேறு. "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்ற இரண்டு வார்த்தையை வைத்து கடை நடத்துபவர்கள். அதில் "எலிகளில்" என்பதையும் வெட்டிவிட்டுத் தலைப்பு போடும் செய்தித் தளங்கள். யோசிக்காமல் ஃபார்வேர்டு பண்ணும் படித்தவர்கள். இதில் எம்பிபிஎஸ் படித்த எங்க ஆளுங்களும் அடக்கம்.

6/ எலி ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: எலிக்கு நல்லாச்சுன்னு சொல்றீங்களே, எப்படி அளந்தீங்க? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத ஆளுக்கு உங்கள் ஊசியை நிறுத்தச் சொல்ல எந்த அருகதையும் கிடையாது.

7/ முதலில் இன்சுலின் சென்சிடிவிட்டி என்றால் என்ன? தெருவில் விளையாடும் பிள்ளையை அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். ஒரு பிள்ளை ஒரு குரலுக்கே வந்துவிடும். இன்னொன்று பத்து தடவை கத்தினால்தான் வரும். முதல் பிள்ளை சென்சிடிவ். இரண்டாவது பிள்ளை ரெசிஸ்டன்ட். குரல்தான் இன்சுலின்.

8/ கவனிங்க, கடைசியில் இரண்டு பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதாவது இரண்டு பேருக்கும் வெறும் வயிற்று சுகர் 95 என்றே காட்டலாம். ஒருவர் உடம்பு மெதுவாகக் கூப்பிட்டு 95-ல் வைத்திருக்கும். இன்னொருவர் உடம்பு தொண்டை கிழியக் கத்தி 95-ல் வைத்திருக்கும். வருஷக்கணக்கில் கத்தினால் தொண்டை கட்டிப் போகும். கணையத்தின் பீட்டா செல்கள் சோர்ந்து போவது அப்படித்தான். அதற்குப் பிறகுதான் சுகர் ஏறுவது வெளியே தெரியும்.

9/ ஆக, சுகர் அளவு வேறு, இன்சுலின் சென்சிடிவிட்டி வேறு. ஒரு எலிக்கு சுகர் குறைந்தது என்பதை மட்டும் வைத்து அதன் ரெசிஸ்டன்ஸ் போனது என்று சொல்ல முடியாது. அந்த விளம்பரத்தின் முதல் ஓட்டை இங்கேயே விழுந்துவிட்டது.

10/ சுகர் குறைய ஆயிரம் காரணம் இருக்கலாம். ரொம்ப எளிமையானது, எலி சரியாகச் சாப்பிடாமல் இருப்பது. கசப்பான ஒரு பொடியைத் தீவனத்தில் கலந்தால் எந்த ஜீவனும் குறைவாகத்தான் சாப்பிடும். எடை குறையும். எடை குறைந்தால் சென்சிடிவிட்டி தானாகக் கூடும். இதில் மருந்து செய்தது என்ன? வாயைக் கட்டியது மட்டும்தான்.

11/ ஒழுங்கான ஆய்வாளர் இதற்காகவே இன்னொரு கூட்டம் எலிகளை வைத்திருப்பார். மருந்து சாப்பிட்ட எலிகள் எவ்வளவு தின்றதோ அதே அளவு தீவனம் இவைகளுக்கும் போடப்படும், மருந்து மட்டும் கிடையாது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பலன் என்றால் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. விளம்பரத்தில் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி யாராவது பேசி நீங்கள் கேட்டதுண்டா?

12/ சரி, உண்மையில் எப்படி அளப்பார்கள்? முதல் முறை, ஜிடிடி. கர்ப்பிணிகளுக்கு க்ளூகோஸ் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுக்கிறோமே, அதே பரிசோதனை. எலிக்குப் பெரும்பாலும் வயிற்றுக்குள் ஊசியாகவோ குழாய் வழியாகவோ க்ளூகோஸ் போகும். வால் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து நம்ம வீட்டு க்ளூகோமீட்டர் மாதிரி ஒன்றில் இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள்.

13/ இதில் சுகர் சீக்கிரம் இறங்கினால் என்ன அர்த்தம்? கணையம் அதிக இன்சுலின் சுரந்திருக்கலாம். அல்லது உடம்பு இன்சுலினை நன்றாகக் கேட்டிருக்கலாம். அம்மா சத்தமாகக் கூப்பிட்டாரா, பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்டதா என்று இந்த டெஸ்ட் மட்டும் பிரித்துச் சொல்லாது. இதை வைத்து "ரெசிஸ்டன்ஸ் குறைந்தது" என்று எழுதினால் அது தப்பு.

14/ இதிலேயே ஒரு கணக்குச் சிக்கலும் இருக்கிறது. க்ளூகோஸை எடைக்கு ஏற்பக் கொடுப்பார்கள். கிலோவுக்கு 2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 25 கிராம் ஒல்லி எலிக்கு 50 மி.கி. கொழுத்துப் போன 50 கிராம் எலிக்கு 100 மி.கி. ஆனால் கூடுதலாக இருக்கும் 25 கிராமில் பெரும்பகுதி கொழுப்பு. க்ளூகோஸை இழுக்கும் தசை இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு மடங்கு சர்க்கரையை ஏற்றிவிட்டு "பாருங்க, குண்டு எலிக்கு சுகர் இறங்க மாட்டேங்குது" என்றால்?

15/ இரண்டாவது முறை, ஐடிடி. இன்சுலினையே ஊசியாகப் போட்டு சுகர் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. கேட்க நேரடியாக இருக்கிறது. ஆனால் சுகர் விழ ஆரம்பித்ததும் உடம்பு சும்மா இருக்காது. க்ளூககான், அட்ரினலின் எல்லாம் ஓடி வந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை இறக்கும். நீங்கள் பார்க்கும் கோடு இன்சுலினுக்கும் இந்தக் காப்பாற்றும் ஹார்மோன்களுக்கும் நடந்த சண்டையின் முடிவு.

16/ வரைபடம் போடுவதிலும் விளையாட்டு இருக்கிறது. ஒரு எலி 200-லிருந்து 120-க்கு வந்தது. இன்னொன்று 120-லிருந்து 72-க்கு வந்தது. சதவீதத்தில் போட்டால் இரண்டும் 40 சதவீதம், ஒரே கோடு. எண்ணிக்கையில் போட்டால் ஒன்று 80, மற்றது 48. எதைக் காட்டுவது என்பது வரைகிறவர் கையில். அதனால் இரண்டையும் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் நேர்மையான வாசிப்பு.

17/ மூன்றாவது, ஹோமா-ஐஆர். வெறும் வயிற்று இன்சுலினையும் சுகரையும் பெருக்கி 22.5-ஆல் வகுப்பது. 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மேத்யூஸ் குழுவினர் மனிதர்களுக்காக உருவாக்கியது. அந்த 22.5 எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான மனிதருக்கு இன்சுலின் 5, சுகர் 4.5 மில்லிமோல் என்று எடுத்து இரண்டையும் பெருக்கியது. மனுஷனுக்குத் தைத்த சட்டை. அதை எலிக்கு மாட்டிவிட்டு "பொருந்துது" என்கிறார்கள். நம்ம டெய்லர் அண்ணன் கூட ஒத்துக்க மாட்டார்.

18/ இந்த எல்லா டெஸ்ட்டுக்கும் முன்னால் பட்டினி போடுவார்கள். நமக்கு ராத்திரி பட்டினி என்றால் எட்டு பத்து மணி நேரத் தூக்கம். சுண்டெலி ராத்திரியில் சாப்பிடும், பகலில் தூங்கும். அதை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் ஒரு நாள் சாப்பாட்டையே பிடுங்கியது மாதிரி. ஒரே இரவில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 60 கிலோ ஆள் விடிவதற்குள் 6 கிலோ இளைத்தால் எப்படி இருக்கும்?

19/ இதைவிட முக்கியம்: நீண்ட பட்டினியில் மனித உடம்பு இன்சுலினுக்கு மந்தமாகிறது. சுண்டெலியின் தசையோ இன்சுலினுக்கு இன்னும் கூர்மையாகிறது. நேர் எதிர். அதனால்தான் தரமான ஆய்வகங்கள் காலையில் தீவனத்தை எடுத்துவிட்டு ஐந்தாறு மணி நேரம் மட்டும் பட்டினி போடுகின்றன. எத்தனை மணி நேரப் பட்டினி என்று எழுதாத ஆய்வை நான் பாதியிலேயே மூடி வைத்துவிடுவேன்.

20/ எந்த எலி என்பதும் பெரிய விஷயம். படங்களில் வெள்ளை எலியைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் துறையில் அதிகம் பயன்படுவது கருப்புச் சுண்டெலி, சி57பிஎல்/6 என்று பெயர். அதில் ஜே என்றும் என் என்றும் இரண்டு கிளைகள். ஜே கிளையில் என்என்டி என்ற ஜீன் பழுது, அதனால் இன்சுலின் சுரப்பு மந்தம். என் கிளையில் அது நன்றாக இருக்கிறது. மருந்து கொடுத்தது ஒரு கிளைக்கு, ஒப்பிட்டது இன்னொரு கிளையோடு என்றால், மருந்தே இல்லாமல் வித்தியாசம் வரும்.

21/ அறை வெப்பமும் அப்படித்தான். ஆய்வகம் பொதுவாக 22 டிகிரி. அது நமக்கு ஏசி சுகம். சுண்டெலிக்கு இதமான வெப்பம் சுமார் 30 டிகிரி. 22-ல் அது நாள் முழுக்கக் குளிரோடு போராடி கலோரியை எரித்துக்கொண்டே இருக்கும். பிடித்துத் தூக்கினாலே பயத்தில் அதற்கு சுகர் ஏறும். பழக்கப்படுத்தாமல் ஊசி போட்டால் நீங்கள் அளப்பது அதன் பயத்தையும் சேர்த்துத்தான்.

22/ சரி, ஒழுங்கான முறையே இல்லையா? இருக்கிறது. பெயர் க்ளாம்ப். 1979-ல் டிஃப்ரான்ஸோ, டோபின், ஆண்ட்ரெஸ் மூவரும் மனிதர்களில் விளக்கி எழுதிய முறை. அடியில் ஓட்டை உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் இறங்காமல் இருக்க மேலே குழாயை எவ்வளவு திறக்கிறீர்களோ, அதிலிருந்து ஓட்டை எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும்.

23/ அதேபோல, ஒரே சீராக இன்சுலினை ரத்தத்தில் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். சுகர் இறங்கப் பார்க்கும். இறங்க விடாமல் இன்னொரு ட்ரிப்ஸில் க்ளூகோஸ் ஏற்றுவார்கள். சுகர் ஒரே கோட்டில் நிற்க எவ்வளவு க்ளூகோஸ் தேவைப்பட்டதோ, அதுதான் சென்சிடிவிட்டி. அதிகம் தேவைப்பட்டால் உடம்பு இன்சுலினை நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். சுகர் இறங்கவே விடாததால் காப்பாற்றும் ஹார்மோன்களும் குறுக்கே வராது.

24/ மனிதரில் செய்வதே பெரிய வேலை. இதை 25 கிராம் சுண்டெலியில் செய்து பாருங்கள். ஒரு கோழி முட்டையில் பாதி எடை. மொத்த ரத்தமே கிட்டத்தட்ட 2 மில்லி. கழுத்து நரம்பிலும் தமனியிலும் நூல் மாதிரிக் குழாய்களை ஆபரேஷன் செய்து வைக்க வேண்டும். நாலைந்து நாள் தேற விட வேண்டும். இழந்த எடையை மீட்ட எலியைத்தான் எடுக்க வேண்டும்.

25/ அப்புறம் அது விழித்திருக்கும்போதே, பிடித்து அமுக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துளித்துளியாக ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்த ரத்தத்துக்கு ஈடாகச் சிவப்பணுக்களைத் திருப்பி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ரத்தசோகையில் முடிவே மாறிவிடும். கதிரியக்கக் குறியிட்ட க்ளூகோஸையும் சேர்த்துச் செலுத்தினால் கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை வெளியிட்டது, தசை எவ்வளவு இழுத்தது என்று தனித்தனியாகச் சொல்ல முடியும்.

26/ இவ்வளவு பாடுபட்டு அளக்கும் ஆய்வாளர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை. அதில் தேறியவர்கள் முடிவை எழுதும்போது பத்து நிபந்தனை போட்டுத்தான் எழுதுவார்கள். கேப்ஸ்யூல் விற்பவரிடம்தான் ஒரு நிபந்தனையும் இருக்காது. தெரிந்தவன் தயங்குகிறான், தெரியாதவன் அடித்துச் சொல்கிறான். நம்ம ஆள் அடித்துச் சொல்பவனை நம்பி ஊசியை நிறுத்திவிடுகிறார்.

27/ இப்போது ஒரு படி மேலே போவோம். உலகின் சிறந்த ஆய்வகம், பிரமாதமான அளவீடு. அப்போதாவது எலிக்கு நடந்தது நமக்கு நடக்குமா? 2001-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மிட்செல் லாஸர் குழுவினர் சுண்டெலியின் கொழுப்புச் செல்லில் ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது இன்சுலின் ரெசிஸ்டன்ஸை உண்டாக்கியது. ரெசிஸ்டின் என்றே பெயர் வைத்தார்கள். மனிதரில் தேடினால்? நம் கொழுப்புச் செல்கள் அதைச் செய்வதே அபூர்வம். நம்மிடம் அது முக்கியமாக வெள்ளையணு வகைச் செல்களிலிருந்து வருகிறது.

28/ இன்னொன்று. 2013-ல் ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன் குழு 'செல்' இதழில் பீட்டாட்ரோஃபின் என்ற ஹார்மோனைப் பற்றி எழுதியது. எலியில் பீட்டா செல்கள் பெருகும் வேகத்தைச் சராசரியாக 17 மடங்கு கூட்டியது என்றார்கள். இன்சுலின் ஊசிக்கே விடிவு என்று உலகம் முழுக்கத் தலைப்புகள். 2014-ல் வேறு குழுவினர் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. மெல்டன் குழுவே திரும்பச் செய்து பார்த்தது. 2016-ல் அந்தக் கட்டுரையை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

29/ அதுதான் விஞ்ஞானம். தப்பு என்றால் "தப்பு" என்று பெயர் போட்டுச் சொல்வது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்று விற்ற கேப்ஸ்யூல் ஒன்றையாவது "மன்னிக்கணும், வேலை செய்யல" என்று யாராவது திரும்பப் பெற்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

30/ எலி ஆய்வால் பலனே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது, பிறவியிலேயே குண்டாகிப் போகும் ஒரு சுண்டெலி இனத்தை வைத்துத்தான். லெப்டின் ஊசி போட்டதும் அந்த எலி மெலிந்தது. உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று கொண்டாடினார்கள். ஆனால் பருமனான மனிதர்களில் பெரும்பாலானவர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகமாகவே இருந்தது. ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை.

31/ அதேசமயம், அந்த எலி மாதிரியே பிறவியில் லெப்டின் இல்லாத சில குழந்தைகளை 1997-லிருந்து கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு அந்த ஊசி வாழ்வையே மாற்றியது. பாடம் என்ன? எலிக்கு இருந்த கோளாறும் உங்களுக்கு இருக்கும் கோளாறும் ஒன்றா என்று முதலில் பார்க்கணும். விளம்பரத்தில் வரும் "டயாபடீஸ் எலி" ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்டு பீட்டா செல்லையே அழித்த எலியாக இருக்கலாம். அங்கே கூப்பிட அம்மாவே இல்லை. அதை வைத்து ரெசிஸ்டன்ஸ் பற்றி என்ன பேசுவது?

32/ நம் கையில் இருக்கும் இன்சுலினே மிருகங்கள் தந்த வரம்தான். 1921-ல் டொரன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களில் செய்தார்கள். ஆனால் நாய்க்குக் கேட்டது என்று உடனே கடை போடவில்லை. 1922 ஜனவரி 11-ல் 14 வயது லெனர்ட் தாம்சனுக்கு முதல் ஊசி. சரிப்படவில்லை. காலிப் அதைச் சுத்திகரித்த பிறகு ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். அப்போதுதான் வேலை செய்தது. நாய்க்கும் மனிதனுக்கும் நடுவில் அந்தச் சின்ன இடைவெளியில் கூட ஒரு பாடம் இருந்தது.

33/ டோஸ் கணக்கையும் பார்த்துவிடுவோம். எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே பெருக்கினால் 60 கிலோ ஆளுக்கு 24 கிராம். அப்படிப் பெருக்கக் கூடாது. அமெரிக்க எஃப்டிஏ 2005-ல் சொன்ன முறைப்படி சுண்டெலி டோஸை 12.3-ஆல் வகுக்கணும். அப்போதும் கிட்டத்தட்ட 2 கிராம். அதுவும் மனிதரில் முதல் சோதனையைத் தொடங்க எது பாதுகாப்பு என்று யோசிப்பதற்கான கணக்கு. உங்கள் டப்பாவில் ஒரு கேப்ஸ்யூலுக்கு எத்தனை மி.கி. என்று திருப்பிப் பாருங்க.

34/ கமெண்ட்டில் வரப் போவது தெரியும். "நீங்க அலோபதி கம்பெனி ஆளு." அண்ணே, நான் தரும் மெட்ஃபார்மினும் இன்சுலினும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வீட்டுக்கே வந்து கொடுக்க 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஓடுகிறது. இதில் எனக்கு என்ன கமிஷன்? புது மாத்திரையோடு வரும் கம்பெனி ரெப்பிடமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறேன். மனிதரில் செய்தீங்களா? எப்படி அளந்தீங்க? எந்த வைத்தியமாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

35/ சட்டம் இல்லாமலும் இல்லை. டயாபடீஸைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம். பட்டியலில் நோயின் பெயரே இருக்கிறது. 70 வருஷமாகியும் அந்த விளம்பரம் உங்கள் போனுக்கு வருகிறது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சுகர், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். அந்தக் கடைக்காரருக்கு இது நோயாளிகள் பட்டியல் இல்லை, வாடிக்கையாளர் பட்டியல்.

36/ இன்சுலின் சென்சிடிவிட்டியைக் கூட்ட வழியே இல்லையா? இருக்கிறது. மனிதரிலேயே சோதித்த வழி. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, 3,234 பேர், சுகரின் வாசலில் நின்றவர்கள். 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்று இலக்கு வைத்தார்கள். சுகர் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மினில் 31 சதவீதம்.

37/ "அது வெள்ளைக்காரனுக்கு" என்பீர்கள். 2006-ல் சென்னையிலிருந்தே டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 இந்தியர்களில் செய்து காட்டினார்கள். வாழ்க்கை முறை மாற்றத்தில் 28.5 சதவீதம் குறைவு, மெட்ஃபார்மினில் 26.4 சதவீதம். எண் சின்னதுதான். ஆனால் எலி இல்லை, நம்ம ஆட்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, காய், பருப்பு, முட்டையைக் கூட்டி, தினமும் நடப்பது. டப்பாவில் அடைத்து விற்க முடியாது என்பதால் இதற்கு விளம்பரம் வராது.

38/ அடுத்த தடவை "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்று வந்தால் இதைக் கேளுங்க. எந்த எலி, என்ன கோளாறு? எத்தனை மணி நேரப் பட்டினி? சுகரை மட்டும் பார்த்தார்களா, க்ளாம்ப் செய்தார்களா? எலி குறைவாகச் சாப்பிட்டதா? அப்புறம், மனிதரில் செய்தார்களா? ஃபார்வேர்டு பண்ணிய மச்சானுக்கே இந்த ஐந்தையும் திருப்பி அனுப்புங்க. பதில் வரும் வரை உங்கள் மாத்திரையும் ஊசியும் நிற்கக் கூடாது. குறைக்கணும், மாற்றணும் என்றால் சீட்டோடு வாங்க, உட்கார்ந்து பேசலாம்.

39/ டெய்லர் அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அந்த எலிக்கும் கேட்டுச்சான்னு எனக்குத் தெரியாதுண்ணே. விக்கிறவனுக்கும் தெரியாது. தெரியாதுங்கிறதை நான் சொல்றேன், அவன் சொல்லல." கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மோட்டார் வச்ச மிஷினையும் கால்லதானே அமுக்கணும்?" என்று கேட்டார். இடது காலால் பழகலாம் என்று சொன்னேன்.

40/ இப்போது ஊசி தவறாமல் போடுகிறார். போன வாரம் வெறும் வயிற்றில் 138. புண் ஆறி வருகிறது. இதைப் படித்த உங்களில் ஒருவர் வீட்டில், ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு மாதமாகத் தொடாத இன்சுலின் பாட்டில் ஒன்று இருக்கும். இன்னைக்கே போய்ப் பாருங்க. பழைய பாட்டிலை நீங்களாக எடுத்துப் போட வேண்டாம். நோட்டை எடுத்துக்கிட்டு நாளைக்கு ஓபிக்கு வந்துடுங்க. யாரும் திட்ட மாட்டோம்.